இருபத்தெட்டே கால்

இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் என் உடம்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பஸ்ஸில் எனக்கு முன்னால் நிற்பவளின் முதுகில் என் முதுகைப் பார்த்திருக்கிறேன். தோள்பட்டைக்குக் கீழே வரும் அந்தச் சின்னப் பள்ளம் என்னுடையது. இடது அக்குளில் துணி லேசாக இழுத்துப் பிடிக்கும், அதுவும் என்னுடையதுதான். என் இடது கை கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. எங்கள் கட்டிங் மாஸ்டர் எத்தனை தடவை சரிசெய்தாலும் அந்த இழுப்பு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். "அது என் முதுகுங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் என்னை இறக்கிவிட்டுவிடுவார்கள் என்பதால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன்.

என் வேலைக்குப் பெயர் ஃபிட் மாடல். மாடல் என்று சொன்னதும் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குழம்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கண்ணாடியில் எனக்கே அந்தக் குழப்பம் உண்டு. மேடையில் நடப்பவர்களும் போட்டோவுக்கு நிற்பவர்களும் வேறு ரகம். ஒரு புது உடையை முதலில் மலிவான கோரா துணியில் வெட்டி, உயிருள்ள யார் மேலாவது போட்டுப் பார்ப்பார்கள். அந்த உயிருள்ள யாரோ நான். என்னைச் சுற்றி நின்று குண்டூசி குத்துவார்கள், சாக்பீஸால் கோடு போடுவார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள், உட்காரச் சொல்வார்கள். எங்கே இழுக்கிறது, எங்கே குத்துகிறது, எங்கே தொளதொள என்று இருக்கிறது என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மூலையில் நிற்கும் துணிப்பொம்மைக்கும் எனக்கும் வித்தியாசம் இந்த வாய்தான்.

கம்பெனியில் மீடியம் அளவு என்றால் நான். துணி வெட்டுவதற்கான மாதிரி அட்டையை என் அளவில் வெட்டுவார்கள், அதிலிருந்து மற்ற அளவுகளைக் கூட்டிக் குறைப்பார்கள். அதனால் தையல் கூடத்தில் எனக்குப் பெயரே மீடியம். "மீடியம் வந்தாச்சா?", "மீடியத்தைக் கூப்பிடு", "மீடியம், டீ வேணுமா?" ஒன்பது வருடமாக இதே பெயர். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா என்பதே சந்தேகம்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக எனக்கு அளவு எடுப்பார்கள். கட்டிங் மாஸ்டர் டேப்போடு வருவார். மார்பு, இடுப்பு, பின்புறம், தோள். என் கார்டில் இடுப்பு இருபத்தேழு அங்குலம். அரை அங்குலம் ஏறலாம், இறங்கலாம். அதைத் தாண்டினால் வேறு ஆள் பார்ப்பார்கள். இதில் யாருக்கும் என் மேல் கோபம் கிடையாது. அளவுகோல் நீண்டுவிட்டால் வேறு அளவுகோல் வாங்கித்தானே ஆக வேண்டும்?

இனி வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவரும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஏதாவது இருந்திருக்கும். ஒருவரையொருவர் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றது. அவர் தன் துணிமணிகளை இரண்டு பெட்டியில் எடுத்துப் போனார். எனக்கு ஒரு அறை, ஒரு சமையல் மேடை, பக்கத்துக் கட்டிடத்தின் சுவரைப் பார்க்கும் ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து தம்பி கூப்பிடுவான். "சாப்டியாக்கா? வேலை எப்படிப் போகுது?" என்பான். "நல்லா போகுதுடா" என்பேன். நாலு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலை வரை பேச ஆள் கிடையாது. திங்கட்கிழமை மாஸ்டருக்கு வணக்கம் சொல்லும்போது முதல் வார்த்தை கரகரவென்று வரும்.

வாரம் முழுக்க என்னைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தோளைத் திருப்புகிறார்கள், முகவாயை நிமிர்த்துகிறார்கள், முட்டியைத் தட்டி நேராக்குகிறார்கள். அத்தனை கைகளும் துணியைத்தான் தொடுகின்றன, துணிக்குள் தற்செயலாக நான் இருக்கிறேன். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வெள்ளிக்கிழமை மாலை எல்லாருக்கும் கடைசியாகத்தான் கிளம்புவேன்.

சனி ஞாயிறுகளில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவேன். ரொட்டி, பிஸ்கட், மீந்துபோன எதுவாக இருந்தாலும். பசி என்று சொல்ல முடியாது. அந்த அறையில் ஏதாவது நடக்க வேண்டும், அவ்வளவுதான். இடுப்பு இருபத்தேழரை ஆனது. பிறகு இருபத்தெட்டைத் தாண்டியது. நான் வயிற்றை எக்கி, நெஞ்சைத் தூக்கி, மூச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். டேப் என்னைச் சுற்றி வரும் நேரத்தில் நான் இருபத்தேழு. மாஸ்டர் எண்ணைப் படிப்பார், கார்டில் எழுதுவார், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். படித்து முடித்த கையோடு ஏதோ போட்டியில் ஜெயித்து, எங்கள் கம்பெனியின் பணத்தில் தன் முதல் தொகுப்பைச் செய்ய வந்தவள். பத்து உடைகள், ஒரு மேடை, ஆறு வாரம். ஒரு பத்திரிகையில் 'நாளைய முகங்கள்' என்று பத்துப் பேரின் படத்தைப் போட்டிருந்தார்கள். அதில் மூன்றாவது படம் இவளுடையது. யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தையல் கூடத்தின் கதவில் ஒட்டினார்கள். அன்றிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் எங்களுக்கு அவள் 'புதுமுகம்'. முன்னால் மேடம்.

அதே பக்கத்தில் ஏழாவது படம் ஒரு மாடல் பெண்ணுடையது. இருபது வயது, கழுத்து மட்டுமே தனியாக ஒரு அடி இருக்கும்போல. அவளுக்கு 'கழுத்து' என்று பெயர் வைக்க நாங்கள் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. புதுமுகத்தின் நிகழ்ச்சியில் முதல் ஆளாக மேடை ஏறப்போகிறவள் அவள்தான். கடைசி வாரத்தில்தான் வருவாள், அதுவரை எல்லாவற்றையும் என் மேல்தான் போட்டுப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த ஏழாவது படத்தைப் பார்ப்பேன். பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

புதுமுகம் முதல் நாள் என் மேல் துணியைச் சுற்றி, இடுப்பில் ஊசி குத்திவிட்டு, ஒரு அடி பின்னால் போய் நின்றாள். பிறகு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அக்கா, மூச்சு விட முடியுதா?"

ஒன்பது வருடத்தில் எத்தனையோ டிசைனர்கள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாமே துணியைப் பற்றிய கேள்விகள். துணி இழுக்குதா, துணி நிக்குதா, துணி சுருங்குதா. இவள் மூச்சைக் கேட்டாள். அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாள். நான் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முடியுது மேடம். நல்லா இருக்கு."

அன்று சொன்னதுதான் பிறகு நிலைத்துவிட்டது. திங்கட்கிழமை டேப்புக்கு மட்டும் இருந்த திருட்டுத்தனம் வாரம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு உடைக்கும் அவள் கேட்பாள், ஒவ்வொரு உடைக்கும் நான் முடியுது என்பேன். ஊசி குத்துகிற நேரமெல்லாம் நெஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேலாக நுனிமூச்சு விட்டுக்கொண்டு நிற்பேன். அவள் டீ குடிக்கப் போகும்போது சுவரில் சாய்ந்து, அந்தக் காலைக்கு உண்டான மூச்சையெல்லாம் சேர்த்து விடுவேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வியும் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. நாளைக்கும் யாராவது என்னைப் பார்த்து மூச்சு விட முடியுதா என்று கேட்க வேண்டும். அதற்காக மூச்சு விடாமல் நின்றேன். புத்தி கெட்டவள் என்று திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மாஸ்டருக்கும் அவளுக்கும் இடையில் ஒரே ஒரு உரசல் வந்தது. நாலாவது வாரம் அவள் ஒரு கவுனை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"தோள்லயும் இடுப்புலயும் இவ்வளவு துணி எதுக்கு மாஸ்டர் உள்ள விட்டிருக்கீங்க? தடிமனா தெரியாதா?"

"தெரியாது மேடம். அயர்ன் பண்ணிடறேன்."

"கால் அங்குலம் போதாதா?"

"இருக்கட்டும் மேடம். சோறா கேக்குது அது?"

அவள் சிரித்துவிட்டாள், விஷயம் அதோடு போயிற்று. நானும் சிரித்தேன். நன்றாகச் சிரித்தால் வயிறு வெளியே வந்துவிடும் என்பதால் உதட்டால் மட்டும் சிரித்தேன்.

சனிக்கிழமை நிகழ்ச்சி. புதன்கிழமை காலை கழுத்து வந்து சேர்ந்தாள்.

நேரில் பார்த்தால் சின்னப் பிள்ளை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ரெண்டு மடக்கு குடித்துவிட்டு, மூடியைக் கவனமாகத் திருகி வைத்தாள். மாஸ்டர் அவளை அளந்தார். இடுப்பு இருபத்தாறே முக்கால். "சரியா இருக்கு" என்றார். முதல் உடையாக மேடையேறப் போகிற சாம்பல் நிறக் கவுனை அவளுக்குப் போட்டுவிட்டார்கள். ஆறு வாரம் என் மேல் வளர்ந்த கவுன். நான் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பின்கழுத்தில் துணி மடிந்து குவிந்தது. இடுப்புத் தையல் இடுப்பில் உட்காராமல் விலா எலும்பில் ஏறி உட்கார்ந்தது. புதுமுகம் கீழே இழுத்துவிட்டாள், அது மறுபடி மேலே ஏறியது. இரண்டாவது உடையைப் போட்டார்கள், அதே கதை. மூன்றாவது, நாலாவது. பத்து உடையும் ஒரே மாதிரி அவள் மேல் கோணிக்கொண்டு நின்றன. என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் கூடத்தில் அந்த நிமிடம் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுமுகத்தின் குரல் மாறிவிட்டது.

"நீ எப்படி நிக்கற? கூன் போடறியா?"

"இல்ல மேடம், நேராத்தான் நிக்கறேன்."

"அக்காவுக்கு ஆறு வாரமா அச்சு வார்த்த மாதிரி இருந்துச்சு. உனக்கு மட்டும் ஏன் இப்படி? உன் உடம்பு மாறிடுச்சு. நீ அனுப்பின அளவு வேற, இப்ப இருக்கற உடம்பு வேற."

"இல்ல மேடம், அதே அளவுதான். நேத்தியிலேர்ந்து நான் ஒண்ணும் சாப்பிடக்கூட இல்ல மேடம்."

சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. புதுமுகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கல் நெஞ்சுக்காரி இல்லை அவள், பயந்துபோயிருந்தாள். பயந்தவர்களுக்கு அவசரமாக ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

"அந்த இன்னொரு பொண்ணை வரச்சொல்லுங்க. வெயிட்டிங்ல இருக்கால்ல, அவளே முதல்ல நடக்கட்டும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க அந்த சாம்பல் கவுனைப் போட்டுட்டு வாங்க. துணி சரியா, ஆள் தப்பான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடட்டும்."

திரைக்குப் பின்னால் போய்க் கவுனைப் போட்டேன். வயிற்றை எக்கி, நெஞ்சைத் தூக்கி, ஜிப்பை மாட்டிக்கொண்டு வந்து நடுவில் இருந்த மரப்பலகை மேல் ஏறி நின்றேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி. கவுன் என் மேல் அச்சு வார்த்த மாதிரி விழுந்தது. ஒரு மடிப்பு கிடையாது.

"பாத்தீங்களா? தையல்ல தப்பே இல்ல" என்றாள் புதுமுகம்.

கண்ணாடியில் எனக்குப் பின்னால் கழுத்து தெரிந்தாள். தன் பழைய சட்டைக்கு மாறியிருந்தாள். பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள். இனி யாராவது அவளை அளந்தால் அவள் தன் உடம்பை நம்பப்போவதில்லை. டேப் இருபத்தாறே முக்கால் என்று சொன்னாலும் எங்கேயோ தப்பு இருக்கிறது என்றே நினைப்பாள், இன்னும் குறைவாகச் சாப்பிடுவாள். அது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. நான் இன்னும் ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்தால் போதும், அவள் கதவைத் தாண்டிப் போய்விடுவாள். என் கார்டு அப்படியே இருக்கும். திங்கட்கிழமை மாஸ்டர் வருவார், அக்கா மூச்சு விட முடியுதா என்று இவள் கேட்பாள்.

அந்த நேரம் பார்த்து, பழக்கதோஷத்தில், புதுமுகம் கேட்டாள்.

"மூச்சு விட முடியுதாக்கா?"

"முடியல மேடம்" என்றேன்.

விட்டேன். ஆறு வாரத்து மூச்சு. நெஞ்சு இறங்கியது, வயிறு முன்னால் வந்தது, கவுனின் முன்பக்கம் விருட்டென்று மேலே ஏறியது. பின்கழுத்தில் துணி குவிந்தது. முதுகில் ஜிப் ஒரு இடத்தில் பல் விட்டது, அந்தச் சத்தம் கூடத்துக்கே கேட்டது. கண்ணாடியில், கழுத்தின் மேல் கோணிக்கொண்டு நின்ற அதே கவுன் என் மேலும் கோணிக்கொண்டு நின்றது.

"அந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல. நான் இருபத்தேழு இல்ல மேடம். இருபத்தெட்டுக்கு மேல போயி ரொம்ப நாளாச்சு. ஆறு வாரமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். நெஞ்சைத் தூக்கினா இடுப்பும் மேல ஏறிடும், அங்கதான் தையல் விழுந்திருக்கு. மூச்சைப் பிடிச்ச உடம்புக்கு வெட்டின துணி இது."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. புதுமுகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனேக்கா. கேக்காம இருந்தேனா நான்?"

"கேட்டீங்க."

"அப்புறம் ஏன்?"

எனக்குப் பதில் இருந்தது. நீங்கள் கேட்டதனால்தான் என்று சொல்ல வேண்டும். இருபது பேர் நின்று பார்க்கும் இடத்தில் ஜிப் பிளந்த கவுனோடு பலகை மேல் நின்றுகொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அழுதேன். நிறையவே அழுதேன், மூக்கெல்லாம் ஒழுக. துணியில் படாமல் இருக்கத் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு அழுதேன். தொழில் புத்தி.

மாஸ்டர் எழுந்து வந்தார். மேஜையில் கிடந்த இரண்டாவது உடையை எடுத்து உள்பக்கம் திருப்பி, தோள் தையலை விரலால் பிரித்து, புதுமுகத்திடம் காட்டினார்.

"ஒன்றரை அங்குலம் விட்டிருக்கேன் மேடம். தோள்ல, இடுப்புல, பத்துலயும். பிரிச்சு இறக்கிடலாம். ரெண்டு நாள் போதும். அந்தப் பொண்ணைப் போகச் சொல்லாதீங்க, அவ மேல வெச்சுத்தான் பாக்கணும்."

கழுத்து கதவருகே பையோடு நின்றிருந்தாள். புதுமுகம் அவளிடம் போய், "சாரிம்மா. பையை வெச்சுடு" என்றாள். அந்தப் பிள்ளை பையை வைத்துவிட்டு உடனே பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

பிறகு பிரிக்கும் வேலை ஆரம்பித்தது. பத்து உடைகளையும் இறக்கி, கழுத்தின் மேல் போட்டு, மறுபடி ஊசி குத்தினார்கள். என்னை யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் என் பழைய சட்டையில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுத்தேன். ஒன்பது வருடத்தில் அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்து வேலை செய்தது அன்றுதான்.

புதுமுகம் கழுத்திடம் கேட்டாள். "எங்கயாவது இழுக்குதா?"

"இல்ல மேடம். சூப்பரா இருக்கு."

"கையைத் தூக்கு. இப்ப?"

"நல்லா இருக்கு மேடம்."

எதைப் போட்டாலும் நல்லா இருக்கு என்று சொல்லத்தான் அந்தப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறார்கள். குறை சொன்னால் அடுத்த வேலை வராது. அவள் வலது தோள் காது வரைக்கும் ஏறியிருந்ததை நான் பார்த்தேன். சும்மா இருக்க முடியவில்லை.

"வலது அக்குள்ல வெட்டுது மேடம். கால் அங்குலம் இறக்கினா போதும். அவ சொல்ல மாட்டா."

புதுமுகம் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஊசியை எடுத்து, அந்த இடத்தில் துணியைத் தளர்த்தினாள். கழுத்தின் தோள் இறங்கியது. அடுத்த உடைக்கு அவள் அந்தப் பிள்ளையைக் கேட்டுவிட்டு, அப்படியே ஒரு நொடி நின்றாள். நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் இப்படியே போயிற்று. அவள் கேட்பாள், கழுத்து நல்லா இருக்கு என்பாள், நான் எங்கே இழுக்கிறது என்று சொல்வேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை அவள்.

கடைசி உடை முடிந்ததும் கைகளைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, ரூல்னு ஒண்ணு இருக்கு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

"திங்கக்கிழமை ஒரு தடவை வந்துட்டுப் போங்க. கார்டை முடிக்கணும்."

வேறு ஏதோ சொல்ல வந்தாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

நிகழ்ச்சியைப் போனில்தான் பார்த்தேன், கட்டிலில் உட்கார்ந்து. மொத்தம் பதினோரு நிமிடம். முதல் ஆளாகக் கழுத்து வந்தாள், சாம்பல் நிறக் கவுனில். மேடையின் முனையில் நின்று, திரும்புவதற்கு முன்னால் நன்றாக ஒரு மூச்சு விட்டாள். துணி அவளோடு ஏறி இறங்கியது. முடிவில் புதுமுகம் ஓடி வந்து தலை குனிந்தாள், எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அறையில் அந்தச் சத்தம் கொஞ்சம் அசிங்கமாக இருந்தது, நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். "சாப்டியாக்கா? வேலை எப்படிப் போகுது?"

"போயிடுச்சுடா" என்றேன். "வேலை போயிடுச்சு. அது கெடக்கட்டும். இங்க தனியா இருக்கேன்டா. ரொம்பத் தனியா இருக்கேன்."

அவனுக்குப் பின்னால் குழந்தை அழுதது. "கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்க்கா" என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து நிஜமாகவே கூப்பிட்டான். நாலு நிமிடத்துக்கு மேல் பேசிப் பழக்கம் இல்லாததால் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. போனை வைக்காமல் இருந்தோம்.

திங்கட்கிழமை போனேன். மாஸ்டர் டேப்போடு வந்தார். கைகளை விரித்து நின்றேன். டேப் இடுப்பைச் சுற்றி வந்ததும் வயிறு தானாக எக்கிக்கொண்டது. அவர் அசையாமல் காத்திருந்தார்.

"மூச்சை விடும்மா" என்றார்.

விட்டேன்.

"இருபத்தெட்டே கால்." கார்டில் இருபத்தேழை அடித்துவிட்டு எழுதினார்.

"உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்? முன்னாடியே?"

"ஒன்பது வருஷமா நீ அந்தப் பலகை மேல நின்னா மூச்சு விடற சத்தம் எனக்குக் கேக்கும். இந்த ஆறு வாரமா கேக்கல."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்பிடுவாங்க." டேப்பைச் சுருட்டினார். "நீயே சொல்லுவன்னு பாத்தேன். அதுவரைக்கும் துணியை விட்டு வெச்சேன்."

ஒன்பது வருடமாகப் பக்கத்திலேயே நின்றவருக்கு நான் மூச்சு விடும் சத்தம் தெரிந்திருக்கிறது. எனக்கு அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் புது மீடியம் வந்துவிட்டது, இருபத்திரண்டு வயது, சுறுசுறுப்பான பெண். மாஸ்டர் அவளை அளக்கப் போனார்.

இப்போது ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறேன். எங்கே வலிக்கிறது என்று வருகிறவர்களைக் கேட்பது என் வேலை. உட்கார்ந்தே செய்யலாம். தம்பி வாரத்தில் இரண்டு நாள் கூப்பிடுகிறான். ஃபிரிட்ஜ் கதவை மூடிவிட்டுத் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறேன். அறை அதே அறைதான், ஜன்னலுக்கு எதிரே அதே சுவர்.

எட்டு மாதம் கழித்து, வேலை விட்டு வரும் வழியில் ஒரு கடை ஜன்னலில் சாம்பல் நிறக் கவுனைப் பார்த்தேன். புதுமுகத்தின் தொகுப்பு கடைக்கு வந்துவிட்டிருந்தது. கண்ணாடியில் அவள் படத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். நல்ல படம். உள்ளே போய் மீடியம் ஒன்றை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனேன். எக்காமல்தான் போட்டேன். புதுப் பெண்ணின் அளவுக்கு வெட்டியிருப்பார்கள், ஜிப் பாதியில் நிற்கும், சிரித்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஜிப் சரசரவென்று மேலே போய் மூடிக்கொண்டது.

மூச்சை முழுசாக உள்ளே இழுத்தேன். முழுசாக வெளியே விட்டேன். துணி கூடவே வந்தது, கூடவே போனது. இடுப்புத் தையல் என் இடுப்பில் இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே அந்தச் சின்னப் பள்ளம். கையைத் தூக்கினேன், இடது அக்குளில் லேசாக இழுத்தது. என்னை அனுப்பிவிட்டு, மாஸ்டர் கடைசியாக எழுதிய எண்ணை வைத்து அட்டை வெட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் சொல்லிச் செய்தார்களா, அவளே சொன்னாளா, தெரியாது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

கடைப்பெண் கதவைத் தட்டினாள். "மேடம், சரியா இருக்கா?"

"இடது அக்குள்ல கொஞ்சம் இழுக்குதும்மா."

"ஒரு சைஸ் பெருசா எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "இது என் அளவுதான்."